எண்ணெய் விட்ட ஸ்டாண்டு

கோவில்பட்டியில் தையல் மிஷின் மக்கர் பண்ணினால் ஹக்கீமைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு எண்ணெய்க் குப்பி இருக்கும். மிஷின் என்றில்லை, கதவுக் கீல், சைக்கிள் பெடல், பக்கத்து வீட்டுத் தொட்டில் கொக்கி, எது கிறீச்சிட்டாலும் அவருக்குக் கை அரிக்கும். போய் இரண்டு சொட்டு விட்டால்தான் மறுவேலை. கேட்டுவிட்டு விடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. நல்ல மனுஷன்தான். ஆனால் தனக்குத் தெரியாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

மனைவி ஆசிபா கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள். மயிரிழை போன்ற ஊசியில் கடுகு மணியைக் கோர்த்துக் கோர்த்துப் பூவும் கொடியுமாக இழைத்துவிடுவாள். அந்த வீட்டின் பாதிச் சோறு அவள் கண்ணில்தான் இருக்கிறது என்று ஹக்கீமே பெருமையாகச் சொல்வார்.

போன வருஷம் பெருநாள் பிறை பார்க்கிற அன்று, துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்த பெரிய பைனாகுலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிறை தெரியுது என்று சொல்லிவிட்டார் ஹக்கீம். கனத்தில் கை நடுங்கியதில் என்னத்தைப் பார்த்தாரோ, வேறு ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. "பாய்க்குன்னு தனிப் பிறையாக்கும்" என்று தெருவே வருஷம் முழுக்கச் சிரித்தது. வெறும் கண்ணால் பார்த்ததைத்தான் பள்ளிவாசலில் ஏற்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். பைனாகுலரில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எல்லாரையும் வெறும் கண்ணாலேயே பார்க்கவைத்துவிடலாம் என்பது அவர் யோசனை.

இந்த வருஷம் விடக் கூடாது என்று, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கல்யாண வீடியோக்காரர் அழகிரிசாமியிடம் கேமரா ஸ்டாண்டை இரவல் வாங்கினார். இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. அவர் மாட்டின அழகைச் சொல்லத்தான் வேண்டும். பைனாகுலரின் இரண்டு குழாயும் சேருகிற நடுத்தண்டின் முனையில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைக் கழற்றி, உள்ளே இருந்த மரையில் 'ட' போல வளைந்த இரும்பை முறுக்கி, அதன் அடியை ஸ்டாண்டின் தட்டில் இறுக்கினார். மூன்று காலையும் அகல விரித்தார். கரிசக்காட்டுக் காற்றுக்கு ஆடாமல் இருக்க, நடுவே இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. மேலும் கீழும் சாய்க்கிற தலைப்பகுதி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துக் கிறீச்சென்றது.

குப்பி வெளியே வந்தது. இரண்டு சொட்டு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் விட்டார். அதற்கப்புறம் தலை வெண்ணெயாகத் திரும்பியது. பிடியை முறுக்கி இறுக்கிவிட்டு மனம் குளிர நின்றார்.

ஆசிபா மேலே வந்தாள். "கஞ்சி ஆறிப் போவுது. இப்பப் பாங்கு சொல்லிருவாவ, கீழ வாங்க."

"இங்கன வந்து ஒரு நிமிசம் பாரு. எப்படி நிக்கிது பாத்தியா, செலை கணக்கா."

"சூரியன் இன்னும் எறங்கலயே."

"அது மேகத்துக்குள்ள போயிட்டு. நான் அதுக்கு மேல, பிறை வார எடத்தப் பாத்துல்லா வச்சிருக்கேன்."

மேற்கே கறுத்த மேகம் ஒன்று பட்டையாகக் கிடந்தது. ஆசிபா குனிந்தாள். ஊசிக் காதைப் பார்க்கிறவள் பழக்கம், இடக் கண் தானாக மூடிக்கொண்டது.

"மேகத்தோட ஓரம் ஜரிகை வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

ஹக்கீம் சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியின் முடிச்சைச் சரிபார்க்கக் குனிந்தார். "மெதுவாத் திருப்புங்க, நல்லா இருக்கு" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நான் எதையும் திருப்பவில்லையே என்று அவர் நிமிர்ந்தார். அதற்குள் மேகத்துக்கு அடியில் சூரியன் முழுசாக வெளியே வந்துவிட்டது.

ஆசிபா கத்தக்கூட இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்தது போலப் பின்னால் போய்க் கைப்பிடிச் சுவரில் மோதி உட்கார்ந்தாள். வலக் கண்ணைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. பைனாகுலர் மூக்கைத் தொங்கப் போட்டபடி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போவதா, அந்தச் சனியனைப் பிடித்து நிறுத்துவதா என்று தெரியாமல் ஹக்கீம் நின்ற இடத்திலேயே நின்றார்.

சுவரில் மோதிய சத்தம் கேட்டு வந்த அழகிரிசாமி ஸ்டாண்டின் தலையைத் தொட்டார். விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"பாய், இதுல எண்ணெயா விட்டிய?"

"கத்துச்சே."

"கத்துனா கத்திட்டுப் போவுது. அந்த ஒரசல்தான பாய் கனத்தத் தாங்குது. எண்ணெய் விட்டா எம்புட்டு இறுக்குனாலும் வழுக்கத்தான செய்யும்."

ஹக்கீம் சட்டைப் பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை வருஷமாக உரசலை ஒழிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனுஷன். உரசலால் மட்டுமே நிற்கிற பொருளும் உண்டு என்று தெரிந்துகொள்ள, பெண்டாட்டி கண்ணா விலை?

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுட்டிருக்கிறது, போகப் போகத்தான் தெரியும், முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இடக் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது தெருவே பெருநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறை வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்ததாம். யாருக்கும் யாரும் காட்டவேண்டியிருக்கவில்லையாம்.

காலையில் புதுச் சட்டை போட்டுத் தொழுகைக்குக் கிளம்பிய ஹக்கீம், போக மனசில்லாமல் கட்டில் அருகே வந்து நின்றார். ஆசிபா நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

"தொப்பி தெரியுது. காது ரெண்டும் தெரியுது. சட்டைகூட நல்லாத் தெரியுது." அவள் கண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி நேராகப் பார்த்தாள். "ஒங்க மொகம் இருக்குற எடத்துல மட்டும் ஒண்ணுமே இல்லைங்க."