நெல்லா, குதிரைவாலியா

பேருந்துக்கு நின்றாலும் ரேஷன் வரிசையில் நின்றாலும் கனகாம்பாளின் கை சும்மா இருக்காது. காலடியில் ஒரு புல் தெரிந்தால் குனிவாள். இலை தாளோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிய பிறகுதான் பிடுங்குவாள். மகள் உமாமகேஸ்வரியைக் காரைக்கால் கல்லூரியில் சேர்க்கப் போன அன்றும் முதல்வர் அறை வாசலில் இருந்த பூந்தொட்டிகளைச் சுத்தம் செய்துவிட்டாள். மகளுக்கு மானமே போயிற்று.

அந்தத் தடவலுக்குக் காரணம் இருந்தது. குதிரைவாலி என்ற களை இளம்பயிரில் நெல்லைப் போலவே நிற்கும். நெல்லின் கழுத்தில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், குதிரைவாலிக்கு அது கிடையாது. குரும்பகரத்தில் நாலைந்து குடும்பங்கள் உன் வயலுக்கு நான் ஒரு நாள், என் வயலுக்கு நீ ஒரு நாள் என்று மாறி மாறிக் களையெடுப்பார்கள். முப்பது வருடமாக அந்த வரிசைக்குக் கனகாம்பாள்தான் முதல் ஆள்.

சென்ற கார்த்திகையில் உமா புதுச்சேரி ஆய்வகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் வயலிலிருந்து சேற்றுக் கையில் ஒரு செடியோடு வந்து நின்றாள்.

“இது என்னன்னு சொல்லு உமா.”

“நெல்லுப் பயிருங்க சின்னம்மா.”

“பரவால்லியே, படிச்சதுக்கு இதாவது தெரியுது. இது உங்கம்மா பறிச்சது. குதிரவாலிய அப்படியே வுட்டுட்டுப் போவுது அக்கா. மூணு நாளா மத்தவங்க வயல்ல நாங்க பின்னாடியே போயி, பறிச்சத மறுபடி ஊணிக்கிட்டு வர்றோம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லங்க?”

“மூளையப் படிக்கிறவ நீ. நான் உனக்குச் சொல்லணுமா?”

இரண்டு வருடமாக உமா நுண்ணோக்கியில் பார்ப்பது மைக்ரோக்ளியா என்ற செல்களை. மூளையிலேயே குடியிருப்பவை அவை. குழந்தையின் மூளை வளரும்போது நரம்புகளுக்கிடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உண்டாகும். வேண்டாதவற்றைக் கத்தரிப்பதில் இந்தச் செல்களுக்குப் பங்குண்டு. செத்த செல்களை விழுங்கும், கிருமி வந்தால் முன்னால் போய் நிற்கும். அம்மாவுக்கு ஒருமுறை, “மூளைக்குள்ள களையெடுக்குற ஆளுங்கம்மா” என்று சொல்லியிருந்தாள்.

“பாத்து எடுக்குமா?” என்று கேட்டாள் கனகாம்பாள். உமா சிரித்துவிட்டாள்.

அது சிரிக்கிற கேள்வியே இல்லை. மறதி நோயில் இதே செல்கள் நல்ல இணைப்புகளையும் விழுங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலையே அம்மாவைப் பரிசோதித்த மருத்துவர், மறதி தொடங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அம்மாவின் தலைக்குள் நடப்பதும் எலிக்குள் நடந்ததுதானா? தெரியாது. கையிலிருந்த உவமை அழகாகப் பொருந்தியதே உமாவுக்குப் பயமாக இருந்தது. தினமும் போனில் பேசியும் தனக்குத் தெரியாமல் போனது, கூட வேலை செய்தவளுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டதே.

இனி அம்மாவை வரிசையில் சேர்ப்பார்களா? மறுநாள் காலை வரப்பில் நின்று கேட்டாள்.

“ஏன் சேக்காம? நடுவுல வுட்டுக்குறோம். ரெண்டு பக்கமும் நாங்க பாத்துக்குறோம்” என்றாள் சொர்ணாம்பாள்.

கனகாம்பாள் அதற்குள் சேற்றில் இறங்கியிருந்தாள். ஒரு பயிரைப் பிடித்தாள். தடவினாள், மறுபடி தடவினாள். பிறகு பிடுங்காமலே கரையேறி வந்தாள்.

“எனக்குப் புடிபடல சொர்ணம். நெல்லு பாவம்டி.”

யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் சொர்ணாம்பாள் இவர்கள் வயலில் ஒரு நாள் களையெடுத்திருந்தாள். அதற்குப் பதிலாகக் கனகாம்பாள் ஒரு நாள் வேலை செய்து கொடுத்தாக வேண்டும். தான் வருவதாக உமா சொன்னாள்.

“நீயா? வேணாம்டியம்மா, நெல்லு, குதிரவாலி ரெண்டையும் சேத்துப் புடுங்கிருவ. கடன் அக்காவோடது. அது வந்து கழிக்கட்டும்.”

தெருவில் பார்க்கும்போதெல்லாம் கனகாம்பாள், “நாளைக்கு வந்துர்றேன்டி” என்கிறாள்.

“வாக்கா, மோரு கரைச்சு வைக்கிறேன்” என்கிறாள் சொர்ணாம்பாள்.

அறுப்பு முடிந்து வயலில் உளுந்து முளைத்துவிட்டது. அந்த ஒரு நாள் இன்னும் கழியவில்லை.