ஏ3 தாளில் அடங்கிய வீடு

நான் செய்த தவறை என் மனைவி செய்ததாகச் சொன்னேன். உண்மை தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

கருமத்தம்பட்டியில் இருக்கும் அவள் தம்பி வீடு கட்ட நினைத்தான். வரைபடம் அவன் வீட்டில் யாருக்கும் புரியாததால், அட்டையில் ஒரு மாதிரி செய்து தரச் சொன்னான். பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், உடனே ஒப்புக்கொண்டேன். வரைபடம் ஏ4 தாளில், நூற்றில் ஒரு பங்கு அளவில் இருந்தது. மாதிரி ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் இரண்டு மடங்காக்க வேண்டும். காந்திபுரத்து ஜெராக்ஸ் கடையில் அதை ஏ3 தாளுக்குப் பெரிதாக்கச் சொன்னேன். ஏ3 தாள் ஏ4 தாளைப் போல இரண்டு மடங்குதான், ஆனால் பரப்பில். நீளமும் அகலமும் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. வாழ்நாள் முழுக்க இதே வேலை பார்த்தவன், அளந்து பார்க்காமல் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

துணி வெட்டித் தைத்துப் பழகிய கை என் மனைவியுடையது. தாளை அட்டைமேல் ஒட்டிக் கோடு பிசகாமல் வெட்டினாள். படிக்கட்டை மட்டும் நான் தாளைப் பார்க்காமல், ஐம்பதில் ஒரு பங்குக்குத் தனியாகக் கணக்குப் போட்டுச் செய்தேன். தம்பி வீட்டில் எல்லோர் முன்னாலும் பொருத்தியபோது, அது ஹாலைத் தாண்டி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க மாமா, மாடிக்குப் போறதுன்னா ரோட்டுல நின்னுதான் ஏறோணுமாட்ட இருக்குது?" என்றான் தம்பி.

"என்ற படிக்கட்டு சரியாத்தான் இருக்குது மாப்ளே. உங்கக்கா வெட்டுனதுதான் கோளாறு."

எல்லோரும் சிரித்தார்கள். தாளில் இருந்த கோட்டிலேயேதான் வெட்டியதாக அவள் மெதுவாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை தாளில் ஸ்கேலை வைத்தேன். ஆறு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய அறை நாலேகால்தான் இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன். அதன் பிறகு உறவில் எந்த விசேஷம் என்றாலும் அந்தப் படிக்கட்டுப் பேச்சு வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அட்டை வெட்டும் கத்தியை மறுபடி அவள் தொடவே இல்லை.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். சாப்பாட்டுக்குப் பின் தம்பி நிஜப் படிக்கட்டில் உட்கார்ந்து, "அக்கா, இது உள்ளயேதான் இருக்குதுங்க, பாத்துக்கோங்க" என்று ஆரம்பித்தான். நான் எழுந்து, கோளாறு அவள் கையில் இல்லை, நான் கொடுத்த தாளில்தான் என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்றாள் மனைவி.

"அடுத்த நாளே."

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப இத்தன நாளா சும்மாதான் எங்கக்காளப் பாத்துச் சிரிச்சுட்டிருந்தமுங்களா மாமா?"

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள். நான் அதற்குள், மாதிரியை மறுபடி சரியாகச் செய்யலாமென்று, பழைய வரைபடத்தை இருநூறு சதவீதத்தில் எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். இந்த முறை ஒரு ஏ3 தாளில் அது அடங்கவில்லை, இரண்டு தாள்.

நேற்று அவளே ஸ்கேலைக் கொண்டுவந்து ஒவ்வொரு அறையாக அளந்தாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, உங்க ஆபீஸ்ல சரிபாத்தவர்னு ஒரு கட்டம் இருக்குமுன்னு சொல்வீங்கல்ல, அதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறந்தான் நான் கத்தியைத் தொடுவேன்."

நானும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தாளையும் ஒட்டுவதற்கு அவள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.