மடியில் இருந்த டிஸ்க்

மில்லில் நெல் அரைபடும் முறை வரும்வரை தன் மூட்டைமேலேயே உட்கார்ந்திருப்பவர் வளர்மதி. தப்பில்லை, எங்கள் மில்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் வளர்மதிக்கு ஜெராக்ஸ் கடை. விண்டோஸ் இருந்த கடைக் கம்ப்யூட்டரின் இரண்டாவது டிஸ்க்கில் லினக்ஸும் போட மெக்கானிக் தினகரன் வந்தார்.

"ஆன் பண்ணா லினக்ஸ எழுப்புற பூட்லோடரும் ரெண்டாவது டிஸ்க்லதான் போடுவேன்க்கா. பழசத் தொட மாட்டேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று பழைய டிஸ்க்கைக் கழற்ற வைத்து, வேலை முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டார் வளர்மதி.

அதைத் திரும்ப மாட்டி ஆன் செய்ததும் அதிலிருந்த பழைய விண்டோஸே வந்தது.

"இன்னாப்பா, ஒண்ணுமே போடலியா?"

தினகரன் மறுபடி ஆன் செய்து, ஒரு கீயை அழுத்தி, இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். லினக்ஸ் வந்தது.

வளர்மதியின் முகம் இன்னும் இறுகியது.

"நான் எதிர்லியே குந்திகினு இருக்கசொல்லவே இத்த ஒளிச்சி வெச்சிட்ட. வேற இன்னாத்த ஒளிச்சி வெச்சிகீற?"