சித்தப்பாவின் மேல் சுரம்

என் சித்தப்பாவைப் போல் அல்பமான மனிதர் சேலம் ஜில்லாவிலேயே கிடையாது என்று ஒன்பது வயதில் எனக்குத் தீர்மானமாகத் தெரியும். அப்பாவும் அவரும் ஜோடி நாயனம். மூத்தவரான அப்பா ராகத்தை ஆரம்பித்துப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு போவார். மேல் ஸட்ஜத்தை எட்டப்போகும் நேரத்தில் வாயை எடுத்துவிடுவார். உடனே சித்தப்பா புகுந்து, அந்த உச்சிச் சுரத்தைச் சுருதி பிசகாமல் பிடித்து நிற்பார். கூட்டம் சித்தப்பாவைப் பார்த்துத் தலையாட்டும். நோகாமல் நுங்கு தின்கிற வேலை. எனக்கு வயிறு எரியும். அப்பாவோ அதற்கும் சிரிப்பார்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். காலையில் சித்தப்பா காவிரிக்குக் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவர் நாயனத்தில் தொங்கிய சீவாளிகளைக் கொத்தோடு சொம்புத் தண்ணீரில் ஊறவைத்து, அவர் வருமுன் பாவாடையில் துடைத்து மாட்டிவிட்டேன். நாணல் தட்டையில் செய்த அந்த ஊதுவாய் எச்சில் ஈரம் தாங்கும். ஊறிச் சொதசொதத்துப் போனால் மேல் சுரம் நிற்காது.

நிற்கவும் இல்லை. முகூர்த்தத்துக்கு முன், அப்பா வளர்த்துக் கொடுத்த ராகத்தின் உச்சியில் சித்தப்பாவின் சுரம் சரிந்து இறங்கியது. யாரோ சிரித்தார்கள்.

“ஏனுங்க, அதையும் பெரியவரே வாசிச்சா ஆகாதுங்களா?” என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

எனக்குப் பரம சந்தோஷம். சித்தப்பா ஊறிய சீவாளியைப் பார்த்தார், என் ஈரப் பாவாடையைப் பார்த்தார். “தப்பு என்னுதுங்க. சீவாளியக் கவனிக்காம உட்டுட்டேன்” என்றார். அப்பா செய்ததைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. தன் நாயனத்திலிருந்த சீவாளியைக் கழற்றிச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு, வெறுங்குழலோடு நின்றார். சித்தப்பா வாசித்தார். சுரம் நின்றது, கூட்டம் தலையாட்டியது.

திரும்பும்போது வண்டியில் கேட்டேவிட்டேன். “நீங்க ஏனுங்கப்பா குடுத்தீங்க?”

“அவன் வாசிச்சா நான் வாசிச்ச மாதிரிதான் சாமி” என்றார் அப்பா.

இதெல்லாம் ஒரு பதிலா? கல்யாண வீட்டில் கொடுத்த முறுக்கில் தன் பங்கையும் அப்பா என் மடியில் போட்டார். அவருக்கு முன்பற்கள் ஆட்டம் கண்டு இரண்டு வருஷமாகிவிட்டது, பல் தாங்காவிட்டால் உதடு சீவாளியை இறுக்காது, மேல் சுரத்துக்கு அந்தப் பிடிதான் எல்லாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊருக்குத் தெரிந்தால் அப்பாவை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் அண்ணனும் தம்பியும் மூச்சு விடாமல் இருந்தார்கள் என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அநியாயம் ஒன்றுதான். சித்தப்பாவை முறைத்துக்கொண்டே ஒரு முறுக்கு விடாமல் கடித்துத் தின்றேன்.