பொட்டலத்திலிருந்து எடுத்த ஒரு கோப்பு

சரவணனின் வேலை என்னால்தான் போயிற்று. கைத்தவறுதலால் அல்ல... வேண்டுமென்றே செய்தேன். ஐந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருவரும் வேலை பார்த்தோம். அவன் நிரல் எழுதுவான். அது விண்டோஸ், லினக்ஸ், மேக் என எந்தக் கணினியிலும் சிக்கலின்றி நிறுவப்படும்படி, வேண்டிய கோப்புகளைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டித் தருவது என் வேலை.

குழுத்தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டது. அன்று எல்லார் முன்னிலையிலும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஸ்டெல்லாக்கா பொட்டலம் கட்டறவங்கதானுங்களே. அது மளிகைக் கடையிலயே கட்டறாங்கங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். பதவி அவனுக்குப் போனது. கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போட மறக்கவில்லை, பாருங்கள்!

பொட்டலம்தானே... அது என்ன செய்யும் என்று காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

உடுமலைப்பேட்டைத் தென்னை விவசாயிகள் சங்கத்துக்காக அவன் ஒரு மென்பொருள் எழுதினான். சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். விண்டோஸுக்கான பொட்டலத்திலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டேன். எங்கள் அலுவலகக் கணினிகளில் அது முன்பே இருந்ததால், சோதித்துப் பார்த்த அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

செயல்விளக்கத்தின் நடுவே உடுமலையிலிருந்து போன் செய்தான். பின்னணியில் ஒரு பெரியவரின் குரல்: "ஏனுங்க தம்பி, இதுல எம்பேரு எங்கீங்க?" என் நெஞ்சு குளிர்ந்தது. ஆம், குளிர்ந்தது.

"அக்கா, எழுத்துரு சேர்த்துட்டீங்கல்ல?"

"சேர்த்தாச்சு," என்றேன்.

"அப்பச் சரிங்க. நீங்க கட்டுனதுல தப்பு இருக்காதுங்க. நாந்தான் எதையோ கெடுத்துப்போட்டேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே சரிசெய்திருப்பான். நான் போனை வைத்துவிட்டு, எடுத்த கோப்பைப் பொட்டலத்தில் திரும்பச் சேர்த்தேன். அலுவலகத்தில் யார் தேடினாலும் இனித் தடயம் இருக்காது. சங்கம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. தப்பு தன்னுடையதுதான் என்று முதலாளியிடம் அவனே ஒப்புக்கொண்டான். அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

அவன் நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வருந்துகிறேனா? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது... மறுபடி வாய்த்தால் மறுபடியும் செய்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. மாதா கோயிலில் பாதிரியார் முன் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும்போது மற்றப் பாவங்களையெல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் எடுத்துவிடுகிறேன். மனம் வருந்தாமல் எப்படிச் சொல்வது?

மதுக்கரைப் பக்கம் வேறொரு நிறுவனத்தில் இப்போது அவனுக்கு என் பழைய வேலைதான். ஏதாவது சிக்கல் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறான். போன வாரமும் கூப்பிட்டான்.

"அக்கா, எதுவும் விட்டுப்போகாம எப்படீங்க கட்டறது? உங்களாட்ட எனக்கு வரமாட்டேங்குதுங்க."

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.