துர்காதேவி பேசிய கடைசிப் பட்டிமன்றம்

துர்காதேவியைக் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பகலில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டுவாள். அதே கடையில் நான் பில் போடுகிறேன். சாயங்காலமானால் அவளுக்கு மேடை. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் தனக்குத் தொண்டை இப்படி ஆனது என்பாள். எந்த அணியில் உட்காரவைத்தாலும் பேசுவாள். இங்கே மாமியாருக்காக அழுதவள், அடுத்த வாரம் வாலாஜாபாத்தில் மருமகளுக்காக அழுவாள். இரண்டு இடத்திலும் ஜனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பட்டிமன்றம் என்றால் அப்படித்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

போன வருஷம் அந்த வீடியோ வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் காட்டுக்குள் முகாம் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தூக்கிப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிற ஒரு பாவியைப் பற்றியது. அவன் பெயரை நான் எழுதமாட்டேன். இந்த ஊர் அவனுக்குச் செய்த விளம்பரமே போதும். வீடியோ முடிகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வரும். தொட்டால், அவன் முகாமைக் குண்டு போட்டு அழிக்கச் சொல்லி நாம் கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. காலேஜ் பிள்ளைகளிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் தொட்டார்கள். எங்கள் முதலாளி சிட்டிபாபு சும்மா இருப்பாரா? சிவப்புப் பட்டுநூலில் கைக்கயிறு முறுக்கவைத்து, புடவை எடுத்தால் கயிறு இலவசம் என்று போர்டு மாட்டினார். எவளோ பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் இவருக்கு வியாபாரம். தூ.

கொஞ்ச நாளில் அந்த வீடியோவைக் குறை சொல்லி வேறு வீடியோக்கள் வந்தன. கடையிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. சிட்டிபாபு உடனே கடை ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் அறிவித்தார். ‘வைரல் வீடியோவால் விளைவது நன்மையா, நாடகமா?’ துர்காவுக்கு நாடக அணி.

துர்கா வீட்டு மாடியில் எமானுவேல் என்று ஒரு பையன் குடியிருக்கிறான். பக்கத்து மருந்தியல் கல்லூரியில் படிக்கிறான், அந்த வீடியோவில் வந்த நாட்டுப் பிள்ளை. மூன்று வருஷத்தில் நம்மைப் போலவே பேசப் பழகிவிட்டான். தலைப்பைக் கேட்டதும் அவனாகக் கீழே இறங்கி வந்திருக்கிறான்.

“அக்கா, அந்த முகாம்ல இருக்கிறவங்க முக்காவாசி தூக்கிக்கினு போன பசங்க. என் தம்பியும் அங்கதான் இருக்கான். மேலேர்ந்து குண்டு போட்டா, யாரு கெட்டவன், யாரு என் தம்பின்னு அதுக்குத் தெரியுமா? அத மட்டும் சொல்லு. என்னைக் காட்டிடாத.”

துர்கா எழுதிவைத்திருந்த நகைச்சுவையை எல்லாம் கிழித்துப் போட்டாள்.

மண்டபம் நிறைந்த கூட்டம். நன்மை அணிக்காரர் ஒருவர் நன்றாகவே பேசினார். வீடியோ வராவிட்டால் இந்தக் கொடுமை நமக்குத் தெரிந்தே இருக்காது, குறை சொல்கிறவர்கள் இதுவரை ஒரு பிள்ளையையாவது மீட்டார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்து துர்கா எழுந்தாள். அவனைப் பிடிக்கவேண்டாம் என்று தான் சொல்லவில்லை, பிள்ளைகளை மீட்கிறேன் என்று சொல்லி அவர்கள் தலையிலேயே குண்டு போடச் சொல்வது என்ன நியாயம் என்றாள். தனக்குத் தெரிந்த ஒரு பையனின் தம்பி அங்கே இருக்கிறான் என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் விசில் அடித்தது. நடுவர் மைக்கைப் பிடித்து, “துர்கா வழக்கம்போல நம்மள அழவச்சிட்டாங்கப்பா” என்றார். ஒரே சிரிப்பு. சேலை கட்டும் பெண்களைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருந்தாலும் நன்மையே என்று தீர்ப்புச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். கடைசி வரிசையில் எமானுவேலைப் பார்த்துவிட்டார் சிட்டிபாபு. அந்த நாட்டு மாணவரே நம் மண்டபத்தில் இருக்கிறார் என்று மைக்கில் அறிவித்து, கையைப் பிடித்து இழுத்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். மேளக்காரர்கள் வேறு. பையன் திருதிருவென்று விழித்தான். சிட்டிபாபு போனை நீட்டி, அவன் விரலைத் தன் கையாலேயே பிடித்து அந்தச் சிவப்புப் பொத்தானில் வைத்து அழுத்தினார். துர்கா எழுந்து வேண்டாம் வேண்டாம் என்றாள். அவள் முன்னால் இருந்த மைக்கை அணைத்திருந்தார்கள். கைத்தட்டலில் முன்வரிசையில் இருந்த எனக்கே அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது.

மேடையில் எடுத்த படத்தை அந்த வைரல் வீடியோ போட்டவர்கள் வாங்கி உலகம் முழுக்கப் போட்டார்கள். பொன்னாடையோடு எமானுவேல், பொத்தான்மேல் விரல். ஒரு வாரத்தில் அவன் அம்மா குரல் பதிவு அனுப்பினாள். துர்காவிடம் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறான். பாஷை தெரியாவிட்டாலும் அழுகை தெரியுமே. என்ன சொல்கிறார் என்று இவள் கேட்டாள்.

“நீயுமாடான்னு கேக்குறாங்க, அக்கா.”

துர்கா அன்றோடு மேடையை விட்டாள். தைப்பூசத்துக்குப் பேச அழைத்தார்கள், போகவில்லை. பந்தா பண்ணுகிறாள் என்று ஊர் சொன்னது.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஒரு காலை. நான் கடைக்குள் நுழையும்போதே எல்லார் கையிலும் லட்டு. விமானம் போய்க் குண்டு போட்டுவிட்டதாம், முகாம் தரைமட்டமாம், நாம் ஜெயித்துவிட்டோமாம். அந்தப் பாவி மட்டும் முந்தின நாளே தப்பித்துப் போனானாம். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், யாரும் படிக்கவில்லை. சிட்டிபாபு டப்பாவோடு ஒவ்வொருவராகத் தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டு வந்தார். துர்கா கையிலும் ஒன்றைத் திணித்தார்.

துர்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மொதலாளி, அந்த முகாம்லதான் எமானுவேல் தம்பி இருந்தான்.”

சிட்டிபாபு கெட்டவர் மாதிரிகூடப் பேசவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

“அட, அது நெசமாம்மா? நீ பட்டிமன்றத்துக்காகச் சொல்றேன்னு இல்ல நெனச்சேன்.”

துர்கா லட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் பில் புத்தகத்தை மூடிவிட்டுப் பின்னாலேயே போனேன். அவள் வீட்டை எட்டும்போது எமானுவேல் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.