அரைப் பவர்

கண்ணாடிக்காரரின் பறவை நோட்டில் முதல் பக்கத்தில் சில விதிகள் இருந்தன. பறவை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். பார்க்கிறவரின் இரண்டு காலும் தன் தோட்டத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்திருக்க வேண்டும். குரல் கேட்டது செல்லாது. சந்தேகம் இருந்தால் எழுதக் கூடாது. ஜனவரி முதல் தேதி எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். காக்கையே ஆனாலும் மறுபடி பார்த்துத்தான் எழுத வேண்டும்.

விதி போட்டவரும் அவர்தான், அதன்படி நடந்தவரும் அவர் ஒருவர்தான். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. வேலைநாளில் காலை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுப் பகல். மற்ற நேரமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், இரும்புக் கிண்ணத்தில் தேய்ப்புப் பொடியைக் குழைத்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை. பார்த்துப் பார்த்துக் கை பழகியது. தேய்த்து முடித்த லென்ஸைச் சோதனை லென்ஸோடு சேர்த்துப் பிடித்து, சுவரில் வரைந்த கோட்டைப் பார்த்து அசைப்பார். கோடு ஒரு மயிரிழை அசைந்தாலும் பவர் தப்பு, லென்ஸ் மறுபடி கிண்ணத்துக்குப் போய்விடும். கால் பவர் வித்தியாசத்துக்காக ஒரு வாடிக்கையாளரை ஒரு வாரம் அலையவிட்டதைக் கடை முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பட்டியலில் அவருக்கு ஒரே ஒரு குறை. பக்கத்து வீட்டு முதிர்ந்த மரத்திலிருந்து தினமும் சாயங்காலம் ஆந்தை ஒன்று கரகரவென்று கத்தும். பதினோரு வருஷமாகக் கேட்கிறார், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அதனால் நோட்டில் ஆந்தை கிடையாது.

அந்தப் பக்கத்து வீட்டைத்தான் மச்சினன் வாங்கினான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. தபால் பிரிக்கும் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவன். பகலெல்லாம் தோட்டத்தில் சாய்வு நாற்காலி போட்டுக் கிடப்பான். குடிவந்த அந்த ஜனவரியில் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே அத்தான், நானும் எழுதறேன்" என்றான். எழுதுவானா, நாலு நாளில் விட்டுவிடுவான் என்றுதான் அவர் நினைத்தார்.

விடவில்லை. வீட்டிலேயே இருப்பவனுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் மாங்குயில் ஒன்று அவன் வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனது. கண்ணாடிக்காரர் மாங்குயிலுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவர். கொண்டலாத்தி அவன் நாற்காலிக்கு நாலடி தள்ளிப் புழு பொறுக்கியது. ஒவ்வொன்றையும் அவன் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வான். அவர் "அப்படியா மாப்ளே" என்பார்.

"அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தாங்க" என்றாள் மனைவி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "எது வேணும்னாலும் தானா அவன்கிட்ட வந்துடும்."

"வரும் வரும். நாற்காலியில படுத்திருக்கிறவன்கிட்டதான் எல்லாம் வரும்."

"உங்களுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது? குருவிதானே."

ஜூலை முடிவில் இருவர் நோட்டிலும் முப்பத்தெட்டு வகை. ஆகஸ்டில் ஒரு நாள் மச்சினன் கடைக்கே வந்து கண் டாக்டரின் சீட்டை நீட்டினான். இத்தனை நாள் அவன் போட்டிருந்தது மைனஸ் ஒன்று. இப்போது இரண்டு தேவைப்பட்டது.

"தூரத்துல எல்லாம் பனி மூட்டமாத் தெரியுது அத்தான். வேற யார்கிட்டயும் போகமாட்டேன். நீங்கதான் தேய்ச்சுத் தரணும்."

அவன் போன பிறகும் அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிமூட்டத்துக்குள் இருந்துகொண்டே முப்பத்தெட்டு. தெளிவாகத் தெரிந்தால்?

இரண்டுக்குப் பதில் ஒன்றரை தேய்த்தார். சுவர்க் கோட்டைப் பார்த்தபோது அது ஒன்றரைக்குச் சரியாக நின்றது. தப்பான வேலையையும் அவரால் சுத்தமாகத்தான் செய்ய முடிந்தது. பழையதைவிட இது தேவலை என்பதால் மச்சினன் போட்டுப் பார்த்துவிட்டு, "ஊரே கழுவிவிட்ட மாதிரி இருக்கு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. இனியும் சின்னக் குருவிகள் அவனுக்குப் பிடிபடாது.

நடந்தது வேறு. பழைய கண்ணாடியில் தூரத்துக் குருவி அவனுக்கு வெறும் அழுக்குப் புள்ளி. அதை அவன் கண்டுகொள்ளவே மாட்டான். இப்போது அந்தப் புள்ளிக்கு ஒரு உருவம் வந்தது, ஆனால் இன்ன உருவம் என்று நிலைக்கவில்லை. ஒரே கதிர்க்குருவி காலையில் ஒரு பெயர், மத்தியானம் ஒரு பெயர், சாயங்காலம் வேறொரு பெயர். மேலே சுற்றும் பருந்து ஒன்றே மூன்று வரிகளில் ஏறியது. நவம்பர் கடைசியில் மச்சினனுக்கு ஐம்பத்திரண்டு. கண்ணாடிக்காரருக்கு நாற்பத்தைந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க அக்காவும் அத்தானும் அவன் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். மச்சினன் மரத்தைக் காட்டினான்.

"அதோ பாருங்க, பச்சைப்புறா. மூணு நாளா அதே கிளையில உட்கார்ந்திருக்கு. என்ன பொறுமை பாருங்க."

கண்ணாடிக்காரர் பார்த்தார். கொடியிலிருந்து பறந்துபோய்க் கிளையில் சிக்கிய பச்சைத் துணி. தைத்த ஓரம்கூட அவருக்குத் தெரிந்தது.

"புறாவா அது?" என்றார்.

"ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

"நல்லாப் பாரு மாப்ளே."

மனைவி டீயை ஆற்றிக்கொண்டே குறுக்கே புகுந்தாள். "நீங்க தேய்ச்ச கண்ணாடி போட்டுத்தானே பார்க்கிறான்? உங்க கண்ணாடி பொய் சொல்லுமா?"

புறா இல்லை என்றால் கண்ணாடி சரியில்லை என்றாகும். கண்ணாடி சரி என்றால் புறா இருக்கிறது. டீ ஆறும் வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வாசல்ல நின்னா பஸ் நம்பர் தெரியலைங்க" என்று மனைவி தொடர்ந்தாள். "தம்பிக்குப் போட்ட மாதிரியே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

அந்த வார்த்தை அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு லென்ஸ் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். செய்த வேலை உறுத்தியதா, ஏழு பறவை பின்னால் நிற்பது உறுத்தியதா, எது முதலில் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. மைனஸ் இரண்டு. கோடு அசையவில்லை. மேலும் இரண்டு தடவை பார்த்தார். அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகச் சுவரைச் சுற்றிப் போய் மச்சினன் முன்னால் நின்றார்.

"இதைப் போட்டுக்கோ. முன்னாடி குடுத்தது அரைப் பவர் கம்மி."

மச்சினன் பழையதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அவ்வளவு மரியாதை அதற்கு. "அரைப் பவர் தானா குறையுமா அத்தான்?"

"குறையாது."

"அப்புறம்?"

"குறைச்சேன்."

"எதுக்கு?"

கண்ணாடிக்காரர் முகவாயால் நாற்காலிக் கையில் இருந்த நோட்டைக் காட்டினார். மச்சினன் அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"இதுக்கா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"சொல்லாதீங்க. உங்களை வீட்டை விட்டுத் துரத்திடுவா. அப்புறம் நீங்க இங்கதான் வந்து படுக்கணும். எனக்கு இருக்கிறது ஒரே கட்டில்."

அவன் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்பதுகூட அவனுக்குத் தானாக வந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மச்சினன் புதுக் கண்ணாடியை மாட்டினான். மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"துணி" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அதுக்கு நான் தண்ணிகூட வெச்சேன்."

பேனாவை எடுத்தான். பச்சைப்புறாவை அடித்தான். அடுத்த ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு அடித்தான். பருந்துகள் மூன்றும் ஒன்றாயின. கதிர்க்குருவியின் மாற்றுப் பெயர்கள் எல்லாம் போயின. மொத்தம் பதினொன்று. மிச்சம் நாற்பத்தொன்று. கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இளகி உட்கார்ந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க அத்தான்" என்றான் மச்சினன், குரலைத் தாழ்த்தி. "அந்த ரெண்டாவது கவட்டைக்குக் கீழே பொந்து இருக்குல்ல. அதுக்குள்ள என்ன?"

அவர் பார்த்தார். பொந்தின் வாயில் பழுப்பு உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டு மஞ்சள் கண்கள் அவரையே பார்த்தன. தலையை ஒரு தடவை தாழ்த்தி உயர்த்தியது ஆந்தை.

"எழுதிக்கோ" என்றார். "புள்ளி ஆந்தை. நாற்பத்திரண்டு."

"நீங்களும் எழுதிக்கோங்க. சேர்ந்துதானே பார்த்தோம்."

"என் கால் உன் தோட்டத்துல இருக்கு மாப்ளே."

"அட, அதை யார் பார்க்கப் போறாங்க?"

அவர் சுவரைச் சுற்றித் தன் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் நின்று மரத்தைப் பார்த்தார். கவட்டை தெரிந்தது, பொந்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. செடித் தொட்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தார். குழாயடியில் நின்று பார்த்தார். சமையலறையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினார்.

"என்ன தேடறீங்க?" என்று மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை."

"தம்பியை எண்ணிக்கையில முந்திட்டீங்களாமே. இப்பதான் அவனே போன்ல சொன்னான். சந்தோஷம்தானே?"

"ஆமா" என்றார். மூன்று பறவை முன்னால் இருந்தார். இறங்கி, முக்காலியைச் சுவரோரமாக இன்னும் ஓரடி தள்ளிப் போட்டுவிட்டு, மறுபடி ஏறினார்.